போகாத மலைக்குக் கட்டிய மூட்டை

டெஃபோ மலைக்குப் போகப்போகிறார் என்றால் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, ஆடு எப்போது அறுக்கிறீர்கள் என்பதுதான். எப்போது போகிறீர்கள் என்று யாரும் கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது.

மஃபெட்டெங் ஊரின் ஓரத்தில் இருந்த உரோமக் கொட்டகையில் அவருக்கு வேலை. கத்தரிக்கும் பருவத்தில் மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வரும். கத்தரித்த உரோமத்தை மேசையில் விரித்துத் தரம் பிரித்து, அழுத்திப் பொதியாகக் கட்டுவார்கள். பொதியின்மேல் தகர அச்சுத்தகட்டை வைத்துக் கறுப்பு மையால் எழுத்து அடிப்பது டெஃபோவின் தொழில். தரத்துக்கு ஓர் எழுத்து, ஊருக்கு ஓர் எழுத்து. வாழ்நாள் முழுக்க அதே எழுத்துகள்.

மிச்ச நேரத்தில் கிழிந்த பொதித்துணியில் மலை வரைந்தார். கொட்டகை வாசலில் நின்றால் கிழக்கே மலோட்டி மலைத்தொடர் தெரியும். அதையேதான் திரும்பத் திரும்ப வரைந்தார். கழுவாத உரோமத்தைக் குவித்துவைத்த மாதிரி இருக்கிறது என்று அவர் மகள் லினேயோ முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து பார்த்து வரைந்தால் அப்படித்தான் வரும், கிட்டப் போய்த் தங்க வேண்டும் என்றார். அங்கே பிடித்தது சனி.

மிஷன் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கலை இல்லம் வந்தது. வருஷா வருஷம் ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து மலையில் சில வாரம் தங்க வைப்பார்கள். குடில், சாப்பாடு, குதிரை எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. அதற்குத் 'தங்கல்' என்று பெயர். கேப்டவுனிலிருந்தும் பெர்லினிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புதுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குதிரைமேல் படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் மலையின் மௌனத்தைப் பற்றி, கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும்வரை பேசினார்கள். டெஃபோவும் விண்ணப்பித்தார். இல்லை என்றார்கள். மறுபடி விண்ணப்பித்தார். மறுபடி இல்லை. மூன்றாவது முறை காரணமும் சொன்னார்கள்: அவருடைய நோக்கம் தெளிவாக இல்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டு மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து தனக்குத் தானே நேர்காணல் நடத்தினார். உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டார். மலையைக் கிட்டத்தில் பார்ப்பது என்று பதில் சொன்னார். தெளிவாக இருக்கிறது, தேர்வாகிவிட்டீர்கள் என்று தன்னிடமே அறிவித்தார். களி கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மாலினேயோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களோட போட்டி போட்டவன் எவ்வளவு மோசமா வரைவான்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படி ஆரம்பித்தது அவருடைய சொந்தத் தங்கல். யாரும் அழைக்க வேண்டாம், யாரும் அனுமதிக்க வேண்டாம், தன் நேரம், தன் விதி. ஆனாலும் ஊர்த்தலைவரிடம் போய்ச் சொன்னார். ரிபனெங் ஊருக்கு மேலே, கோடையில் மேய்ப்பர்கள் தங்கும் கிடையில், சும்மா கிடந்த ஒரு கல்குடிலைக் காட்டினார் தலைவர். பிறகு, தூரம் போகிறவன் செய்ய வேண்டியபடி, வழியனுப்பு விருந்து வைத்தார் டெஃபோ. ஆடு அறுத்தார்கள். சோளக்கள் காய்ச்சினார்கள். உறவும் ஊரும் வந்து தின்று குடித்து, மழைகாத்து மலைகாத்து நல்லபடி போய்வா என்று வாழ்த்தியது. மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. கத்தரிப்பு முடிந்து கிடைத்த ஓய்வு அப்படியே கரைந்துபோனது.

மறுவருஷம் இன்னொரு ஆடு. அந்த முறை குதிரை நொண்டிவிட்டது. அதற்கடுத்த முறை மலைப்பாதையில், இளைஞர்களை ஆண்பிள்ளையாக்கும் சடங்குக்குத் தீட்சைக் குடில் போட்டிருந்தார்கள். தீட்சை பெறாத ஆண் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. மிஷன் பள்ளியில் வேதாகமம் மனப்பாடம் செய்து வளர்ந்த டெஃபோ தீட்சை பெறாதவர். இந்த வயதில் அதை ஊரெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டது. ஆட்டை என்னவோ அந்த வருஷமும் தின்றுவிட்டார்கள். தெருவில் அவரைப் பார்த்தால், அப்பாவையும் பெரியவர்களையும் அழைக்கும் மரியாதைச் சொல்லோடு, "ந்தாதே டெஃபோ, மலை எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்கள். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு நடப்பார். வெட்கம் என்பது அவருக்குக் கொஞ்சம் குறைவாகவே வைத்துப் படைக்கப்பட்டிருந்தது.

போகவில்லையே தவிர, போவதற்கான ஏற்பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. வழிக்கு வறுத்த சோளமாவில் உப்பும் சர்க்கரையும் கலந்து டப்பா டப்பாவாக நிரப்பினார். பொதித்துணியை வெட்டி ஓரம் தைத்துச் சுருட்டி வைத்தார். வானத்துக்கென்று நீல வர்ணம் வாங்கினார். மலைமேல் வானம் அதிகம் இருக்கும் என்று கணக்குப் போட்டு அதையே வாளி வாளியாக வாங்கினார். லினேயோவால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது வரட்டி மூட்டைதான். அக்கம்பக்கத்துக் கொட்டிலில் சாணம் பொறுக்கி, தட்டி, காயவைத்து, சாக்கில் கட்டி வைத்திருந்தார். மாடுகள் வாழும் இடத்துக்கு, மாடு இல்லாத வீட்டிலிருந்து சாணம் கொண்டுபோக ஏற்பாடு.

லினேயோ தலைநகர் மசேருவில் தொழில்நுட்பம் படித்தவள். மலையிலிருக்கும் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் சோலார் பிரிட்ஜுகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. அதாவது, அப்பா போக முடியாத மலைக்கு அவள் மாதா மாதம் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மலை என்றால் குளிர், மோசமான பாதை, ஈரத்தில் துருப்பிடித்த மின்கம்பி முனைகள். ஒருமுறை அலுவலக வண்டியில் ஏறிக்கொள்ளும்படி அவரைக் கூப்பிட்டாள். அவர் மறுத்துவிட்டார். வண்டியில் போய் வந்தால் அது விருந்தாளியாகப் போனது ஆகுமாம், தங்கல் ஆகாதாம்.

"ந்தாதே, இந்த மூட்டைய ரெண்டு கழுதகூடச் சுமக்காது. நீங்க மலைக்குப் போகல. வீட்டையே பேத்து மேல வைக்கப் பாக்குறீங்க."

"கழுதைய யாரு கேட்டா? வெளக்கு எங்க?"

விளக்கு கேட்டிருந்தார். சின்ன சோலார் தகடு, ஒரு பேட்டரி, ஒரு பல்பு என்று கட்டிக் கொடுத்தாள். அதை மாட்டிவைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் கொல்லை அறையில் மூட்டையை அவிழ்த்துச் சரிபார்த்து மறுபடி கட்டினார். மலையைப் பார்க்காமலேயே பேட்டரி செத்துப்போனது. வேறு மாற்றிக் கொடுத்தாள். அதுவும் அதே வழியில் போனது.

கடைசி வருஷம் கத்தரிப்பு முடியும் தறுவாயில், கொட்டகையில் ஒரு பொதியின்மேல் குனிந்தவர் நிமிரவில்லை. தகட்டை அழுத்திய கை அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டொரு நாள் பேச்சில்லாமல் கிடந்து இறந்துபோனார். மகள் கேள்விப்பட்டபோது மலைமேல்தான் இருந்தாள், ஒரு பிரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டு. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இறந்தவருக்குத் துணையாக மாடு அறுத்தார்கள். அந்த வருஷத்து வழியனுப்புக்கென்று வாங்கிக் கட்டியிருந்த ஆடு கொல்லையில் கத்திக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்து அறுத்தார்கள். அடக்கத்தில் பேச எழுந்த மூன்று பேரும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்கள் என்று லினேயோவுக்கு முன்பே தெரியும். சொன்னார்கள். வருஷா வருஷம் ஆட்டைப் போட்டுவிட்டு இருந்துவிடுவார், இந்த வருஷம்தான் நிஜமாகவே கிளம்பிவிட்டார். மூன்று முறையும் கூட்டம் சிரித்தது. மூன்றாவதாகச் சொன்னவர் டெஃபோவின் அண்ணன் போகா. தம்பியின் ஆடுகளில் பெரும்பங்கைத் தின்றவரும் அவர்தான்.

மறுவாரமே கலை இல்லத்திலிருந்து ஆள் வந்தார். பெயர் கட்லெஹோ. இந்த ஊர்க்காரர்தான். வெளியூரில் படித்துவிட்டு வந்து, புல் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டெஃபோவைப் பற்றி எல்லோரும் பேசிக்கொள்வதைக் கேட்டாராம். கொல்லை அறையைத் திறந்து காட்டச் சொன்னார். மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு வரட்டிச் சாக்கின் முன் முழந்தாளிட்டுப் போனில் படம் எடுத்தார்.

ஓவியங்கள் அவருக்குத் தேவையில்லை. ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. வேண்டியது மூட்டைதான். இல்லத்தின் பெரிய கூடத்தில் அதை அப்படியே வைக்கப்போகிறார்களாம். மாவு டப்பா, துணிச்சுருள், செத்த பேட்டரி, வரட்டி. சுவரில் பெயர் பொறிப்பார்களாம். திறப்பு நாளன்று எல்லோருக்கும் இறைச்சி உண்டு. லினேயோவை 'ஔசி', அதாவது அக்கா, என்று மரியாதையாக அழைத்துத்தான் இதையெல்லாம் சொன்னார்.

"அவர் தயாரானதுதான் அவரோட படைப்பு, ஔசி. போகாம இருந்ததுதான் கலை. இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு தங்கல் செஞ்சதில்ல."

"மூணு தடவ கேட்டாரே. அப்ப நோக்கம் தெளிவா இல்லன்னீங்க."

"அது முந்தைய குழு."

"இப்பத் தெளிவாயிடுச்சா?"

"ரொம்பத் தெளிவா இருக்கு."

"செத்துட்டதால."

கட்லெஹோ அதை ஒரு ஆழமான கருத்தாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். லினேயோவுக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. இறந்தவரின் உடைகளை உறவுக்குப் பங்கிடும் நாளன்று குடும்பம் கூடி முடிவு சொல்லும் என்று அனுப்பிவைத்தாள்.

அந்த நாள்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை. உயிரோடு இருந்தவரை ஊர் அவரைத் தின்று சிரித்தது. இனி ஒரு கூடத்தில் வைத்து, டிக்கெட் வாங்கி வருபவர்கள் தலையைச் சாய்த்து நின்று சிரிப்பார்கள். சத்தமில்லாமல், மரியாதையாக, பெர்லினிலிருந்து வந்து சிரிப்பார்கள். இதற்கு அவருடைய மூட்டையைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. அதை இன்னும் கடினமாக்கியது அம்மா சொன்ன ஒரே வாக்கியம். கறுப்பு உடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாலினேயோ, கட்லெஹோ வந்துபோன அன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"உங்கப்பா இருந்தா கோட்டு மாட்டிக்கிட்டுப் போயி, வாசல்லயே நின்னு, இது என் மூட்டைன்னு வர்றவங்களுக்கெல்லாம் காட்டியிருப்பாரு."

உண்மைதான். மகிழ்ந்துபோயிருப்பார். அதுதான் லினேயோவுக்குப் பொறுக்கவில்லை. இல்லை என்று மூன்று முறை சொன்ன வீட்டு வாசலில், கூப்பிட்டதும் நாய்க்குட்டி மாதிரி போய் நின்றிருப்பார்.

பங்கிடும் நாளில் முற்றத்தில் பாய் விரித்தார்கள். போகா ஒவ்வொரு துணியாக உதறி, தூக்கிக் காட்டி, பெயர் சொல்லிக் கொடுத்தார். கோட்டு ஒரு மருமகனுக்கு. பூட்ஸ் இன்னொருவனுக்கு. தொப்பியைத் தூக்கிக் காட்டியவர் யார் பெயரையும் சொல்லாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். கட்லெஹோ ஓரமாக நாற்காலியில் இருந்தார். மூட்டையின் முறை வந்ததும் போகா தொண்டையைச் செருமினார். தம்பியின் பெயர் சுவரில் இருப்பது குடும்பத்துக்குப் பெருமை என்றார். திறப்பு நாள் இறைச்சியைப் பற்றியும் சொன்னார். உறவு முழுக்கச் சரி என்றது.

"பெரியப்பா, எனக்கு என்ன பங்கு?" என்றாள் லினேயோ.

"போர்வை ஒனக்குத்தான் வச்சிருக்கேன்."

"போர்வை வேண்டாம். மூட்டைய குடுங்க."

"வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"மேல கொண்டுபோறேன். இத்தன ஆடு தின்னுட்டு வழியனுப்பி வச்சீங்க. ஆளு போகல. மூட்டையாவது போகட்டும்."

முற்றத்தில் யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. போகா தொப்பியைக் கழற்றிப் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டார். தின்றவரால் மறுக்க முடியவில்லை. எடுத்துக்கோ என்றார். கட்லெஹோ, மூட்டை மலைக்குப் போவதும் இந்தப் படைப்பின் தொடர்ச்சிதான், தானும் கூட வந்து பதிவு செய்யலாமா என்று கேட்டார். மாலினேயோ சொன்னாள், வேண்டாம் என்று.

தலைவர் அப்பாவுக்குக் காட்டிய கிடையிலிருந்து உப்பும் மாவும் வாங்க இறங்கிவந்த மேய்ப்பன் மொட்சமாயோடு அவள் ஏறினாள். கழுதைகள் போதவில்லை. அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. தன் குதிரையின் காதுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாக்கை அவிழ்த்த மேய்ப்பர்கள் உள்ளே பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்சமாய் ஒரு வரட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"கீழேருந்து வரட்டியா? எங்க மாட்டுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துரும்."

தரையில் உருண்டு சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். அப்பா இல்லாமல்போன பிறகு அதுதான் முதல் தடவை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிடையின் சாணமெல்லாம் ஊறிக் கிடந்ததால் அந்த வரட்டியையே எரித்தார்கள். நன்றாக எரிந்தது. காய்ந்த எதுவும் எரியும்.

ரொட்டி மாவு வேகும்வரை ஒரு துணிச்சுருளை விரித்து, அப்பாவின் தூரிகையால் எதையாவது வரையலாம் என்று பார்த்தாள். பாதியில்தான் கவனித்தாள், அவள் வரைந்துகொண்டிருந்தது பிரிட்ஜின் மின்சுற்று. சுருட்டி வைத்துவிட்டாள். அந்தத் துணி பிறகு குடிலின் கதவிடுக்கை அடைக்கப் பயன்பட்டது.

மூடுபனி விலகியபோது வெளியே வந்து பார்த்தாள். மலை தெரியவில்லை. மலைமேல் நின்றால் மலை எப்படித் தெரியும்? காலடியில் புல், கல், ஆட்டுப் புழுக்கை. மேற்கே, வெகு கீழே, தட்டையான நாடு. அதில் எங்கோ வெயில் பட்டு ஒரு தகரக் கூரை மின்னியது. உரோமக் கொட்டகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டிய இடம் அதுதான். அங்கேதான் அவர் வாழ்நாள் முழுக்க நின்றார். இதைக் கண்டுபிடிக்க இத்தனை ஆடு, இத்தனை வாளி வர்ணம். 'கிறுக்கு மனுஷன்' என்று சொல்லிக்கொண்டாள்.

இறங்குமுன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். மாவு, கெண்டி, கயிறு, விளக்கு. நீல வர்ண வாளிகளைப் பார்த்து மொட்சமாய் தயங்கித் தயங்கிக் கேட்டான். பக்கத்துக் கிடை ஆடுகள் அடிக்கடி கலந்துவிடுகின்றனவாம், பனியில் பிரிக்க முடிவதில்லையாம். வைத்துக்கொள் என்றாள். யோசிக்கவில்லை. அவள் எதையுமே யோசிக்கும் நிலையில் இல்லை.

வசந்தத்தில் கத்தரிப்பு ஆரம்பித்தது. கொட்டகையில் தரம் பிரிக்கும் மட்செபோவிடமிருந்து போன் வந்தது. உடனே வந்து பார்க்கச் சொன்னாள். குரலில் நல்ல கோபம்.

போனபோது மேசைமேல் நீலம் கிடந்தது. ஒன்றல்ல, ஒரு மந்தை முழுவதும். முதுகில், விலாவில், தாராளமாக. வர்ணம் பட்ட உரோமம் எதற்கும் உதவாது, தள்ளுபடி என்று ஒதுக்கித் தனிப் பெட்டியில் போட வேண்டியதுதான். எத்தனை கழுவினாலும் போகாது, நல்ல உரோமத்தோடு சேர்ந்தால் அதையும் கெடுக்கும். ஆட்டுக்கு வர்ணம் பூசாதே என்று மேய்ப்பர்களைப் பார்த்துக் காலமெல்லாம் கத்தியவர் டெஃபோ. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் அவர் மகள் வளர்ந்தாள்.

"இருந்தவரைக்கும் மூட்டையக் கட்டி உசிர வாங்கினாரு. இப்ப செத்தும் தள்ளுபடிப் பெட்டிய நெரப்புறாரு, உங்கப்பா" என்றாள் மட்செபோ. பக்கத்து மேசைக்காரர்களும் ஆளுக்கொன்று சேர்த்துத் திட்டினார்கள். அவர் உள்ளே எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது போலவே திட்டினார்கள். புதிதாக எழுத்து அடிப்பவன், தள்ளுபடிப் பொதிக்கு எந்தத் தகடு என்று தேடிக்கொண்டிருந்தான்.

மொட்சமாய் வாங்கிக்கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கிட்ட வந்து, யார் காதிலும் விழாமல் கேட்டான்.

"திட்டட்டும், ஔசி. பனியில ஒரு ஆடுகூடத் தொலையல. எதிர் மலையிலேருந்தே பளிச்சுன்னு தெரியுது. இன்னும் இருக்கா அந்த நீலம்?"

"இல்ல. தீந்துபோச்சு" என்றாள்.

சொன்ன பிறகு அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை. தள்ளுபடிப் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டபடி நின்றாள். உரோமம் இன்னும் சூடாக இருந்தது. மட்செபோ திட்டுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, கையை எடு, பிசுக்கு ஒட்டினால் போகாது என்றாள். லினேயோ எடுக்கவில்லை.